நூற்பாலையில் இருந்து கிளம்பிய சூனியக்காரிகள்: ஜப்பான் பெண்கள் கைப்பந்து அணியின் கதை

வாலிபால் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது உயரம்தான். பள்ளிக்கூடத்தில் அணி எடுக்கும்போதே பி.டி. மாஸ்டர் கண் வரிசையில் நெட்டையாக நிற்பவர்கள் மீதுதான் போகும். பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர். அதற்கு மேலே கை நீட்டி அடிக்க வேண்டும், எதிரணி அடிப்பதைத் தடுக்கவும் வேண்டும். அப்படியானால், உலகத்திலேயே குள்ளமான அணிகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய ஜப்பான் பெண்கள் அணி ஒலிம்பிக்கில் 2 தங்கம், 2 வெள்ளி, 2 வெண்கலம் வாங்கியது எப்படி? உலகக் கோப்பைக்குச் சமமான உலக சாம்பியன்ஷிப்பில் 3 தங்கம், 3 வெள்ளி, 1 வெண்கலம் வேறு இருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கதை தொடங்குவது ஒரு விளையாட்டு மைதானத்தில் அல்ல, ஒரு பஞ்சாலையில்.

ஒசாகா மாகாணத்தில் கைசூக்கா என்று ஓர் ஊர். அங்கே டாய் நிப்பான் என்ற நூற்பு நிறுவனத்துக்கு ஓர் ஆலை இருந்தது. பிற்பாடு அதன் பெயர் நிச்சிபோ என்று சுருங்கியது. அந்தக் கால ஜப்பானிய ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கிராமத்தில் இருந்து வந்து ஆலை விடுதியிலேயே தங்குவார்கள். ஷிஃப்ட் முடிந்த பிறகு பொழுதைப் போக்கவும், உடம்பு நன்றாக இருக்கவும் நிர்வாகம் கண்டுபிடித்த மலிவான வழி வாலிபால். ஒரு பந்து, ஒரு வலை, கொஞ்சம் வெற்று நிலம், அவ்வளவுதான் செலவு. அப்போது ஜப்பானில் ஆடியது ஒன்பது பேர் ஆட்டம். பிறகு ஆலைக்கும் ஆலைக்கும் போட்டி வந்தது. ஜெயிக்கும் அணி நிறுவனத்துக்கு விளம்பரம் என்பதும் முதலாளிகளுக்குப் புரிந்தது. 1950-களில் நிச்சிபோ தன் பல ஆலைகளில் இருந்த நல்ல ஆட்டக்காரிகளை எல்லாம் கைசூக்காவில் ஒன்று சேர்த்தது. பயிற்சியாளர் ஹிரோபூமி டைமாட்சு. அதே நிறுவனத்தின் ஊழியர்.

இந்த டைமாட்சு சாதாரண ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையோடு பர்மாவுக்கு வந்து, நம் மணிப்பூரின் இம்பாலைப் பிடிக்கக் கிளம்பித் தோற்றுச் சிதறிய அந்தப் படையெடுப்பில் உயிர் தப்பியவர். பசியிலும் மலேரியாவிலும் ஆயிரக்கணக்கானோர் செத்து விழுந்த பாதையில் நடந்து திரும்பியவருக்கு, மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது பற்றி ஒரு தனிக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைத்தான் அவர் பெண்கள் மீது போட்டுப் பார்த்தார். காலையில் இருந்து பிற்பகல் வரை ஆலை வேலை. அதற்குப் பிறகு பயிற்சி, நள்ளிரவு வரை, சில நாள் அதையும் தாண்டி! காயம் என்றால் கட்டுப் போட்டுக்கொண்டு ஆட வேண்டும். ஜப்பான்காரர்களே அவருக்கு வைத்த பட்டப்பெயர் பேய் டைமாட்சு.

ஆறு பேர் ஆடும் சர்வதேச ஆட்டத்துக்கு ஜப்பான் மாறியது 1950-களின் கடைசியில்தான். 1960-ல் பிரேசிலில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் முதல் தடவையாகக் கலந்துகொண்டு வெள்ளி வாங்கினார்கள். தங்கம் சோவியத் யூனியனுக்கு. 1952, 1956, 1960 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன் ஆன அணி அது. அவர்களின் ஸ்மாஷ் ஜப்பான் கோர்ட்டில் விழுந்தால் எடுக்க ஆளில்லை. டைமாட்சுவுக்கு இது புரிந்தது. வலைக்கு மேலே அவர்களோடு போட்டி போட முடியாது. ஆனால் பந்து கீழே வந்துதானே ஆக வேண்டும்?

இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற உருண்டு எடுக்கும் முறை பிறந்தது. எட்டாத பந்துக்குப் பாய்ந்து விழுந்தால், பந்தை எடுத்து விடலாம், ஆனால் ஆள் தரையில் கிடப்பார். அடுத்த பந்து வரும்போது அந்த இடம் காலி. டைமாட்சு கேட்டது, விழு, எடு, தோள் மீது உருண்டு அதே வேகத்தில் எழுந்து நில் என்பதைத்தான். எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் ஜப்பானிய பொம்மை ஒன்றைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். நம் ஊர்த் தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தத்துவம்தான். சொல்வது சுலபம். கட்டாந்தரையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை தோள்பட்டையில் விழுந்து எழுவது எப்படி இருந்திருக்கும்! இதோடு, காற்றில் ஆடி ஆடி வந்து திடீரென்று காய்ந்த இலை மாதிரி கீழே விழும் ஒரு சர்வீஸையும் பழகிக்கொண்டார்கள்.

1961-ல் கைசூக்கா அணி ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் போனது. இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், எல்லாவற்றிலும் வெற்றி. கீழைநாட்டுச் சூனியக்காரிகள் என்ற பெயர் சோவியத் பத்திரிகைகளில் வந்தது அப்போதுதான். வசை மாதிரி தெரிந்தாலும் ஜப்பானில் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம், 1962 அக்டோபரில், மாஸ்கோவிலேயே சோவியத் அணியை 3-1 என்று வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார்கள். அதுவும் அவர்கள் வீட்டு வாசலிலேயே!

அதோடு விலகிவிடலாம் என்றுதான் ஆட்டக்காரிகள் நினைத்தார்கள். நியாயம்தானே. பல பேருக்கு இருபதுகளின் நடுவயது. அன்றைய ஜப்பானில் அதுவே கல்யாணத்துக்குத் தாமதம் என்று பேசப்படும் வயது. கேப்டன் மசாயே கசாய் 1933-ல் பிறந்தவர், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆனால் 1964-ல் ஒலிம்பிக் டோக்கியோவில் நடக்கப் போகிறது. வாலிபாலும் அதில் முதல் தடவையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நாடு முழுவதிலும் இருந்து கடிதங்கள் குவிந்தன, இன்னும் இரண்டு வருடம் ஆடுங்கள் என்று. போக வேண்டும் என்று நினைத்தவர்கள் தங்கினார்கள். தேசத்துக்காக என்று சொல்லிவிட்டால் மறுக்க யாருக்கு வாய் வரும்?

1964 அக்டோபர் 23. கொமசாவா உள்ளரங்கம். அணியின் 12 பேரில் 10 பேர் கைசூக்கா ஆலைக்காரர்கள். எதிரே சோவியத் யூனியன். 15-11, 15-8 என்று முதல் இரண்டு செட்டும் ஜப்பானுக்கு. மூன்றாவது செட்டில் வெற்றிக்கு ஒரு புள்ளி பாக்கி என்ற நிலையில் வந்து நின்றபோது சோவியத் அணி விடாமல் துரத்தியது. 14-13 வரை வந்துவிட்டார்கள்! கடைசியில் ஒரு சோவியத் ஆட்டக்காரியின் கை வலையைத் தாண்ட, நடுவரின் விசில். 15-13. தங்கத்தைத் தீர்மானித்த புள்ளி ஸ்மாஷிலும் வரவில்லை, சர்வீஸிலும் வரவில்லை, ஒரு தவறில் வந்தது! அந்த ஒளிபரப்பின் பார்வையாளர் விகிதம் 66.8 சதவீதம். ஜப்பானில் விளையாட்டு ஒளிபரப்பு எதுவும் இதுவரை அதை முந்தவில்லை. போட்டித் தொடர் முழுவதும் ஜப்பான் இழந்தது ஒரே ஒரு செட், போலந்திடம்.

இந்தப் பயிற்சி முறை கொடுமை இல்லையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஒலிம்பிக்குக்கு முன்பே ஓர் அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை இதை மனித கண்ணியத்துக்கு அப்பாற்பட்ட விஷயமாக எழுதியது. இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், அந்தப் பெண்கள் அப்படிச் சொல்லவில்லை. 2021-ல் வந்த ஒரு பிரெஞ்சு ஆவணப்படத்தில் கிழவிகளாகிவிட்ட அந்தச் சூனியக்காரிகள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பழைய கதை பேசுகிறார்கள். பயிற்சியாளர் மீது அவர்களுக்கு இருந்தது வெறும் பயம் இல்லை. அவரும் கூடவே விடிய விடிய நின்றவர் என்ற மரியாதையும் இருந்தது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். கொடுமையாகவும் இருந்திருக்கலாம், அதை அவர்கள் தங்களுடையதாகவும் ஆக்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதே பாணியைக் காப்பியடித்த எத்தனையோ பயிற்சியாளர்களின் கையில் சிக்கிய, பெயர் தெரியாத பிள்ளைகளிடம் யாரும் ஆவணப்படம் எடுக்கவில்லை.

கசாய்க்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? ஜப்பானின் பிரதமர் ஐசாக்கு சாட்டோ! 1965-ல் ஒரு ராணுவ அதிகாரியோடு கல்யாணம் நடந்தது. நாடு கேட்டதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவருக்கு, நாட்டின் பிரதமரே வரன் பார்த்தது ஒரு வகையில் கடன் தீர்த்த மாதிரிதான்.

கைசூக்கா அணி தொடர்ந்து 258 ஆட்டங்களில் தோற்காமல் இருந்தது. 1966-ல் அந்த ஓட்டத்தை நிறுத்திய அணி எது என்று பார்த்தால் வணிகவியல் படிக்கிறவர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். யாஷிகா. கேமரா கம்பெனி! பஞ்சாலை அணியைக் கேமரா கம்பெனி அணி தோற்கடிக்கிறது, அதற்குப் பிறகு எலக்ட்ரிக்கல் சாமான் செய்யும் ஹிட்டாச்சியின் அணி மேலே வருகிறது. ஜப்பானின் பொருளாதாரம் எந்தத் திசையில் போனது என்பதற்குத் தனியாக ஒரு வரைபடம் போட வேண்டியதே இல்லை, வாலிபால் முடிவுகளைப் பார்த்தால் போதும்.

சர்வதேச விதியும் மாறியது. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, தடுப்பவர்கள் வலைக்கு அப்பால் கை நீட்டலாம் என்று ஆக்கினார்கள். உயரமான அணிகளுக்குக் கொண்டாட்டம். 1967 உலக சாம்பியன்ஷிப் டோக்கியோவில் நடந்தபோது, கிழக்கு ஜெர்மனி, வட கொரியாவின் பெயர், கொடி தொடர்பான சண்டையில் சோஷலிச நாடுகள் வரவில்லை. நான்கே அணிகள்! ஜப்பான் ஜெயித்தது. பதக்கப் பட்டியலில் இதுவும் தங்கம்தான், ஆனால் 1962-ஐயும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 1968 மெக்சிகோவிலும் 1972 மியூனிக்கிலும் ஒலிம்பிக் தங்கம் சோவியத்துக்கே போனது. மியூனிக்கில் ஐந்தாவது செட் வரை போய்த் தோற்றார்கள்.

திரும்ப எழுந்தது ஹிட்டாச்சி பயிற்சியாளர் ஷிகேயோ யமாடாவின் காலத்தில். தரையில் எடுப்பது மட்டும் போதாது, அடிப்பதிலும் ஏமாற்ற வேண்டும் என்பது அவர் பாடம். ஒருத்தி குதிப்பாள், தடுப்பவர்கள் அவளோடு குதிப்பார்கள், பந்து அரை நொடி கழித்து வேறொருத்தி கைக்குப் போகும். உயரமானவர்கள் ஒரு தடவை குதித்துவிட்டால் கீழே இறங்கித்தானே மறுபடி குதிக்க முடியும்? 1974 உலக சாம்பியன்ஷிப் தங்கம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஒரு செட்கூட இழக்காமல் தங்கம். இறுதி ஆட்டத்தில் சோவியத் அணிக்கு எதிராக 15-7, 15-8, 15-2! 1977-ல் உலகக் கோப்பை. மூன்று பெரிய பட்டங்களும் ஒரே சமயத்தில் கையில். இதுதான் உச்சம். 1978-ல் உலக சாம்பியன்ஷிப் இறுதியில் கியூபாவிடம் தோற்றார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்தது.

இனி வருவதுதான் இந்தக் கதையின் ருசியான பகுதி.

1964-ன் கடைசியில் கைசூக்கா அணி சீனாவுக்குப் போனது. ஆட்டத்தைப் பார்த்த சீனப் பிரதமர் சோ என்லாய், டைமாட்சுவை அழைத்து எங்கள் பெண்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்றார். இரண்டு நாடுகளுக்கும் அப்போது தூதரக உறவுகூடக் கிடையாது. 1965 வசந்த காலத்தில் டைமாட்சு ஷாங்காய் போய் ஏறக்குறைய ஒரு மாதம் சீன ஆட்டக்காரிகளைப் பிழிந்தெடுத்தார். அதே 1965-ல் இன்னொரு ஜப்பானியர், அகிரா கட்டோ, பசிபிக் பெருங்கடலைத் தாண்டித் தென் அமெரிக்காவின் பெருவுக்குப் போனார். மூன்றே வருடத்தில் பெரு பெண்கள் அணி மெக்சிகோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம்.

1981 நவம்பர். உலகக் கோப்பை ஜப்பானில். கடைசி ஆட்டம் ஒசாகாவில், ஜப்பானும் சீனாவும். கைசூக்கா ஆலை இருந்த அதே ஒசாகா மாகாணம் என்பதைக் கவனியுங்கள்! முதல் இரண்டு செட் சீனாவுக்கு. அந்த இரண்டு செட்டிலேயே கோப்பை அவர்களுக்கு உறுதியாகிவிட்டது. மனம் தளர்ந்து அடுத்த இரண்டையும் விட்டார்கள். பயிற்சியாளர் யுவான் வெய்மின் கடுமையாகத் திட்டினார். ஐந்தாவது செட்டை 17-15 என்று பிடித்தார்கள். சீனப் பெண்கள் வாங்கிய முதல் உலகப் பட்டம் அது, லாங் பிங் என்ற பெயர் நாடு முழுக்க ஒலித்தது. அடுத்த வருடம் டெல்லி ஆசிய விளையாட்டிலும் தங்கம் சீனாவுக்கே. அதுவரை ஆசியாட்டில் அந்தத் தங்கம் ஜப்பானைத் தவிர யாருக்கும் போனதில்லை. டைமாட்சு இதையெல்லாம் பார்க்கவில்லை. 1978-லேயே இறந்துவிட்டார்.

கட்டோ 1982-ல் லிமாவில் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் பெரு மக்கள் திரண்டார்கள். பிறகு கொரியரான மான் போக் பார்க் பயிற்சியில் பெரு இன்னும் வளர்ந்தது. 1988 சியோல் ஒலிம்பிக் அரையிறுதியில் ஜப்பானை 3-2 என்று வீழ்த்தியது யார்? பெருவேதான்! வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானைத் தோற்கடித்தது யார்? சீனா! ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு சிஷ்யைகளிடமும் தோற்ற குரு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் வெண்கலத்தோடு சரி, அடுத்த 28 வருடம் ஒலிம்பிக் பதக்கமே கிடையாது. புத்தகங்களில் இதை ஜப்பானின் வீழ்ச்சி என்று எழுதுவார்கள். ஆனால் சியோலில் ஜப்பானைத் தோற்கடித்த இரண்டு அணிகளின் கணக்கிலும் கைசூக்கா தலைமுறையின் முதலீடு கொஞ்சம் இருக்கிறது. வட்டியை வேறு யாரோ வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

1996 அட்லாண்டாவில் ஒன்பதாவது இடம். 2000 சிட்னிக்குத் தகுதியே பெறவில்லை. அதே சமயத்தில் ஜப்பானின் பொருளாதாரமும் படுத்திருந்தது. செலவைக் குறைக்க நினைக்கிற நிர்வாகம் முதலில் கை வைப்பது விளம்பரச் செலவில். வாலிபால் அணி அந்தத் தலைப்பில்தான் வரும்! நிச்சிபோ பெயர் மாறி யூனிடிக்கா ஆகியிருந்தது. அந்த அணி 2000-ல் மூடப்பட்டு ஆட்டக்காரிகள் டோரே நிறுவனத்துக்கு மாறினார்கள். யமாடாவின் ஹிட்டாச்சி அணி 2001-ல் கலைக்கப்பட்டது. உலகத்தை ஜெயித்த இரண்டு அணிகளின் கதை இப்படி அடுத்தடுத்த வருடத்தில் முடிந்தது.

சிட்னி வாய்ப்புப் போனதற்குப் பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? செட்டர் யோஷியே தகேஷிதா. உயரம் 159 சென்டிமீட்டர். செட்டரும் முன் வரிசைக்கு வரும்போது தடுக்கக் குதிக்க வேண்டும், இவ்வளவு குள்ளமானவரை வைத்தால் எப்படி என்று எழுதித் தள்ளினார்கள். குள்ளம் என்பதையே ஆயுதமாக்கிய நாட்டில் இந்தப் பேச்சு! கொஞ்ச காலம் ஆட்டத்தை விட்டே விலகியிருந்தவர் திரும்பி வந்தார். 2006 உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பான் ஆறாவது இடம்தான், ஆனால் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரி விருது தகேஷிதாவுக்கு!

2010-ல் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம், 32 வருடத்துக்குப் பிறகு. பயிற்சியாளர் மசயோஷி மனாபே கையில் ஐபேடை வைத்துக்கொண்டு, ஆட்டம் நடக்கும்போதே புள்ளிவிவரம் பார்த்து முடிவெடுத்தவர். 2012 லண்டன் காலிறுதியில் எதிரி சீனா. 28-26, 23-25, 25-23, 23-25, 18-16. ஐந்து செட்டிலும் வித்தியாசம் இரண்டே புள்ளி! அதில் ஜெயித்து, கடைசியில் கிம் யோன் கூங் ஆடிய தென் கொரியாவை 3-0 என்று வென்று வெண்கலம். தகேஷிதாவுக்கு அப்போது வயது 34.

இரண்டாவது டோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தது. கொரோனாவால் பார்வையாளர்களே இல்லாத அரங்கம். முதல் ஆட்டத்திலேயே முக்கிய ஆட்டக்காரி சரினா கோகாவுக்குக் கணுக்காலில் காயம். கொரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஐந்தாவது செட்டில் 14-12 என்று முன்னிலையில் இருந்து, தொடர்ந்து நான்கு புள்ளிகளை விட்டு 14-16 என்று தோற்றார்கள். பத்தாவது இடம். 1964-ல் 14-ல் நின்று தத்தளித்தபோது ஒரு விசில் காப்பாற்றியது, இந்த முறை அப்படி எதுவும் நடக்கவில்லை. 2024 நேஷன்ஸ் லீகின் இறுதி ஆட்டத்தில் இத்தாலியிடம் தோற்று வெள்ளி வாங்கியபோது நம்பிக்கை வந்தது. ஆனால் சில வாரங்களிலேயே பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிவுச் சுற்றோடு வெளியே வந்தார்கள். கோகா ஓய்வு பெற்றார்.

அதற்குப் பிறகு அணியைக் கொடுத்தது ஃபெர்ஹாத் அக்பாஷ் என்ற துருக்கிக்காரரிடம். டைமாட்சுவும் கட்டோவும் கப்பலேறி வெளிநாட்டுக்குச் சொல்லிக்கொடுக்கப் போன நாட்டுக்கு, வெளியில் இருந்து ஒருவர் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார். 2025 உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் அவருடைய சொந்த நாடான துருக்கியிடமே ஜப்பான் தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டம் செப்டம்பர் 7 அன்று பாங்காக்கில், பிரேசிலோடு. முதல் இரண்டு செட்டும் போய்விட்டது. எல்லாரும் முடிந்தது என்று நினைத்தபோது மாயு இஷிகாவாவின் அணி மூன்றாவதை எடுத்தது, நான்காவதையும் 29-27 என்று பிடித்தது. ஐந்தாவது செட், 16-18.